தம்பிக்கு நோய் முற்றிய இரவில் 100-க்கு அழைக்கலாமா?

வாசகி கேள்வி:

எங்கள் ஊர் தென்மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. அப்பா இல்லை. வீட்டில் அம்மா, நான், தம்பி. தம்பிக்கு 27 வயது. டிப்ளமோ முடித்து லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். நான்கு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறோம். தூக்கமாக வருகிறது, உடம்பு போடுகிறது என்று இந்த வருடம் நிறுத்திவிட்டான். போன மாதம் ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தன்னைப் பற்றியே பேசுகிறார் என்று சொல்லி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். யாரையும் தொடவில்லை. பக்கத்து வீட்டில் 100-க்குப் போன் செய்துவிட்டார்கள். இரண்டு போலீஸ் வந்து லத்தியால் ஒரு அடி போட்டு, அரிவாள்மனையைப் பிடுங்கி, வண்டியில் ஏற்றினார்கள். விடிய விடிய ஸ்டேஷனில் தரையில் உட்கார வைத்தார்கள். காலையில் 'இனிமேல் தொந்தரவு செய்யமாட்டான்' என்று அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். 'ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்லாட்டி ஒரு ஹோம்ல விட்டுடுங்க' என்று ஏட்டு சொன்னார். அன்றிலிருந்து தம்பி என்னிடம் பேசுவதில்லை. ஆஸ்பத்திரி என்றாலே 'போலீஸைக் கூப்பிடப் போறியா' என்கிறான். கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். போலீஸ் செய்தது சரியா? அடுத்த முறை இப்படி ஆனால் போலீஸைக் கூப்பிடலாமா, கூடாதா? அவன் மேல் கேஸ் இருக்குமா? புகார் கொடுத்தால் எங்களுக்கே ஆபத்தாகுமா?

மனநல சமூகப் பணியாளரின் பதில்:

சகோதரி, கடைசியில் எழுதியிருக்கும் கிணற்றுப் பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். இந்த வாரமே, தம்பி வரமாட்டேன் என்றாலும், நீங்களோ அம்மாவோ அவருடைய பழைய ஓ.பி. சீட்டை எடுத்துக்கொண்டு மனநலப் பிரிவுக்குப் போய் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். நோயாளி வராமல் வீட்டார் மட்டும் வந்து பேசுவது அங்கே புதிதல்ல. இரவில் பயமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை அது; 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தம்பியே பேசச் சம்மதித்தால் இன்னும் நல்லது. கிணற்றுக்கு மூடி போட முடியுமானால் போடுங்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மீந்த மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள்.

இனி போலீஸ் விஷயம். வந்தவர்கள் செய்ததில் ஒரு பாதி அவர்கள் கடமை, மறுபாதி சட்டத்துக்குப் புறம்பு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அடுத்த முறை என்ன கேட்பது என்று தெரியும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதில் போலீஸுக்கான பிரிவு 100. போன் நம்பரும் 100, பிரிவும் 100 என்பதால் மறக்காது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கக்கூடியவர் என்று நம்பக் காரணம் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்த ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது அது. தெருவில் திரிபவரை மட்டுமல்ல, ஸ்டேஷன் எல்லைக்குள் எங்கே இருப்பவரையும் இது சேரும். ஆகவே அரிவாள்மனையோடு நின்றவரை அங்கிருந்து அப்புறப்படுத்தியது தப்பில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்ததும் தப்பில்லை. அவர் மேல் கோபம் இருந்தால் விட்டுவிடுங்கள், அவர் தயவு உங்களுக்கு இன்னும் தேவைப்படும்.

ஆனால் அந்தப் பிரிவில் 'பாதுகாப்பு' என்பதற்குக் கைது என்ற பொருள் கிடையாது. எதற்காக அழைத்துப் போகிறோம் என்று அவருக்கே சொல்ல வேண்டும்; அவருக்குப் புரியாத நிலை என்றால் அவருடைய பிரதிநிதிக்கு, அதாவது உங்களுக்கு, சொல்ல வேண்டும். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்க வைக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. பரிசோதித்த டாக்டர் அட்மிஷன் தேவையில்லை என்று சொன்னால், அதே போலீஸ்தான் வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும்.

'நாங்க எங்கே லாக்கப்பில் போட்டோம், வெளியேதானே உட்கார வைத்தோம்' என்று அவர்கள் சொல்லலாம். அந்த வாதத்துக்குள் நீங்கள் போகவே வேண்டாம். தெளிவான மீறல் வேறு இடத்தில் இருக்கிறது: மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமலே விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் தரையில் கழிந்த அந்த இரவு கேஷுவாலிட்டியில் கழிந்திருக்க வேண்டும். 24 மணி நேரம் என்பது உச்ச வரம்பு. அதைச் சாக்காக வைத்து விடியும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. அரிவாள்மனையைப் பிடுங்கத் தேவையான பலத்துக்கு மேல் அடிப்பதற்கும் இந்தப் பிரிவில் இடமில்லை.

எழுதி வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை. புருஷன் பெண்டாட்டி சண்டை, வரப்புத் தகராறு, குடித்துவிட்டுக் கலாட்டா, எல்லாவற்றுக்கும் எழுதி வாங்கி அனுப்புவது ஸ்டேஷன் வழக்கம். காதில் குரல் கேட்பவர் 'இனிமேல் கேட்காது' என்று எப்படி எழுதிக் கொடுப்பார்? அதை அம்மா எழுதிக் கொடுத்தால் என்ன பயன்? அந்தக் காகிதத்தால் ஸ்டேஷனுக்கு அன்றைய கணக்கு முடிந்தது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் மாற்றக்கூடிய இடம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போனில் என்ன சொல்லியிருப்பார்? 'ஒரு பையன் கத்தியோட கலாட்டா பண்றான், சீக்கிரம் வாங்க.' கண்ட்ரோல் ரூமில் அது அப்படியே பதிவாகி, மைக்கில் அப்படியே ரோந்து வண்டிக்குப் போயிருக்கும். வந்த இருவரும் கலாட்டாவுக்குத் தயாராக வந்திருக்கிறார்கள். இருட்டு, கூட்டம், கையில் இரும்பு. அந்த நிமிடத்தில் 'அவனுக்குச் சுகமில்லைங்க சார்' என்று நீங்கள் கத்தியது காதில் ஏறியிருக்காது. ஏறியிருந்தாலும், எல்லா வீட்டாரும் சொல்கிற சமாதானமாகத்தான் தோன்றியிருக்கும்.

சட்டம் மாறியது எல்லா ஸ்டேஷனுக்கும் போய்ச் சேரவில்லை என்பது இன்னொன்று. 1987ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில், பிடித்தவரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தி 'ரிசப்ஷன் ஆர்டர்' வாங்கித்தான் மனநல மருத்துவமனையில் சேர்ப்பார்கள். வயதான ஏட்டுகள் அதில் பழகியவர்கள். 'கோர்ட் ஆர்டர் இல்லாம எப்படிங்க' என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு, மருத்துவமனைப் பக்கமும் உண்டு. புதிய சட்டத்தில் 100ஆவது பிரிவின் கீழ் நேராக மருத்துவமனை, மாஜிஸ்ட்ரேட் தேவையில்லை. ஒருவரை வீட்டிலேயே கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் கிடத்தினாலோ போலீஸ் மாஜிஸ்ட்ரேட்டுக்கு அறிக்கை தர வேண்டும் என்பது அடுத்த பிரிவு, 101. அது உங்கள் வீட்டு நிலை அல்ல.

மூன்றாவது காரணத்தைப் போலீஸார் வெளியே சொல்லமாட்டார்கள், எங்களிடம் சொல்வார்கள். இரவு ஒரு மணிக்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் டியூட்டி டாக்டர், 'இங்கே சைக்கியாட்ரி கிடையாது, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க' என்பார். அங்கே போனால் 'அட்டெண்டர் யாரு, கூட யார் இருப்பாங்க' என்பார்கள். ரோந்து வண்டி ஒன்றுதான். அது மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் எல்லைக்குள் வேறெதற்கும் வண்டி இல்லை. ஸ்டேஷன் தரை அவர்களுக்கு எளிதாகத் தெரிவது இதனால்தான். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில், 1987இல் மனநலம் குன்றிய ஓர் இளைஞர் போலீஸால் சுடப்பட்டு இறந்த பிறகு, 1988இல் தனிப் பயிற்சி பெற்ற போலீஸ் குழு ஒன்றை அமைத்தார்கள். பல நாடுகள் அதைப் பின்பற்றின. அந்த 40 மணி நேரப் பயிற்சியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். என் கணக்கில் அதற்குச் சமமாக வேலை செய்தது இன்னொன்று: போலீஸ் யாரைக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பாமல், சீக்கிரம் வாங்கிக்கொண்டு அவர்களை விடுவிக்க ஒரு மருத்துவமனை ஒத்துக்கொண்டிருந்தது. நம் சட்டமும் பாதி அதைத்தான் சொல்கிறது. போலீஸ் கொண்டுவருபவரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்வது அந்த அரசு மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர் கடமை என்று அதே 100ஆவது பிரிவில் இருக்கிறது. மனநல மருத்துவர் அங்கே இல்லையென்றால் வேறு இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வதும் அவர் வேலைதான், உங்கள் வேலை அல்ல. போலீஸுக்கு அவ்வப்போது இதில் பயிற்சி தர வேண்டும் என்று 30ஆவது பிரிவு அரசுக்குச் சொல்கிறது. அது நடக்கும்வரை வீட்டார் கொஞ்சம் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. நியாயம் என்று சொல்லவில்லை, நிலைமை அது.

அடுத்த முறை கூப்பிடலாமா என்றால், கையில் ஆயுதம் இருந்தால், யாரையாவது அடித்துக்கொண்டிருந்தால், கூரையிலோ கிணற்று விளிம்பிலோ நின்றால், கூப்பிடுங்கள், யோசிக்காதீர்கள். அந்த நேரத்தில் நீங்களும் அம்மாவும் பேசிச் சமாளிக்கப் பார்ப்பது ஆபத்து. அது இல்லாமல், தூங்காமல் நடக்கிறார், தனியே பேசுகிறார், திட்டுகிறார், சாமான்களைப் போட்டு உடைக்கிறார் என்ற அளவில் இருந்தால் போலீஸ் வேண்டாம். 14416, மனநலப் பிரிவு, அல்லது உங்கள் மாவட்டத்தின் மாவட்ட மனநலத் திட்டக் குழு, அந்த வரிசையில் போங்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அளவு என்றால் 108. 108 ஊழியர்கள் முரண்டு பிடிப்பவரைத் தனியாக ஏற்றத் தயங்குவார்கள், போலீஸ் கூட வரட்டும் என்பார்கள். அதில் குற்றம் காண முடியாது. அப்போதும் இரண்டையும் நீங்களே அழையுங்கள். பக்கத்து வீட்டார் அழைக்கும்வரை விடாதீர்கள். யார் முதலில் அழைக்கிறாரோ அவர் சொன்ன கதைதான் மைக்கில் போகும்.

அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே நோய் வந்துவிட வேண்டும். இப்படிச் சொல்லுங்கள்: 'என் தம்பிக்கு மனநோய். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ட்ரீட்மெண்ட்ல இருக்கார். இப்ப முற்றியிருக்கு. கையில அரிவாள்மனை இருக்கு, யாரையும் வெட்டலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவி வேணும். 108-ஐயும் கூப்பிட்டிருக்கோம். சீட்டு கையில இருக்கு.' ஆயுதம் இருப்பதை மறைக்காதீர்கள். தெரியாமல் வந்து பார்த்தால்தான் லத்தி முதலில் பேசும். பெயர், வயது, வீட்டு அடையாளம், குடித்திருக்கிறாரா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். குடிக்கவில்லை என்ற ஒரு தகவலே வருகிறவர்களின் நினைப்பை மாற்றும்.

வண்டி வரும்போது யாராவது ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்க வேண்டும். இது உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கே ஏற்ற வேலை. வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். சுழல் விளக்கும் சைரனும் இல்லாமல் ஒருவர் மட்டும் முன்னே வரட்டும், முடிந்தால் சட்டையில் பெயர்ப்பட்டையோடு, லத்தி இல்லாமல். கேட்டால் செய்வார்களா என்பீர்கள். மரியாதையாகக் கேட்டால் பலர் செய்வார்கள், அவர்களுக்கும் அடிதடி இல்லாமல் முடிந்தால் நிம்மதிதான். தம்பியிடம் ஒருவர்தான் பேச வேண்டும், சின்னச் சின்ன வாக்கியமாக. ஐந்து பேர் சுற்றி நின்று புத்தி சொன்னால், ஏற்கெனவே குரல்கள் கேட்கிற மண்டையில் அது இன்னொரு இரைச்சல். 'அப்படி யாரும் பேசலைடா, உனக்குத்தான் பைத்தியம்' என்று வாதாடாதீர்கள். 'பயமா இருக்குல்ல, இங்கேர்ந்து போயிடலாம் வா' என்பது போதும். செல்போனில் படம் எடுக்கும் ஆட்களை அப்புறப்படுத்தும்படி போலீஸிடமே சொல்லுங்கள். அந்த வேலையை அவர்கள் நன்றாகச் செய்வார்கள். நோயாளி பெண்ணாக இருக்கும் வீடுகள் இதைப் படித்தால், பெண் காவலர் வேண்டும் என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

வண்டியில் நீங்களும் ஏறுங்கள். ஸ்டேஷனுக்கு விடச் சொன்னால், 'சார், 100ஆவது பிரிவுல நேரா ஜி.ஹெச்.னு இருக்கு, நான் கூட இருந்து அட்மிஷன் போட்டுக்கிறேன், நீங்க மெமோ மட்டும் குடுத்துட்டுப் போயிடலாம்' என்று சொல்லிப் பாருங்கள். சட்டத்தைவிட அந்தக் கடைசிப் பகுதிதான் அவர்களை அசைக்கும். அங்கே நிற்க வேண்டியதில்லை என்று தெரிந்தால் வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும்.

மருத்துவமனையில் அவர் சம்மதிக்கவில்லை என்றால் சேர்க்க முடியாதா என்ற சந்தேகம் வரும். முடியும். உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ பெரிய தீங்கு என்ற அவசரத்தில், பிரதிநிதியின் சம்மதத்தோடு எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் உடனடி சிகிச்சை கொடுக்கலாம், மனநல மருத்துவமனைக்கு அனுப்பலாம். 72 மணி நேரம்வரை, அல்லது அங்கே பரிசோதிக்கும்வரை. இது 94ஆவது பிரிவு. அதற்குப் பிறகும் உள்ளே இருக்க வேண்டும் என்றால், பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து, 30 நாள்வரை சேர்க்கலாம். தம்பி யாரையும் பிரதிநிதியாக எழுதி வைக்காததால், உறவினர் என்ற முறையில் நீங்களோ அம்மாவோ அந்த இடத்தில் இருக்கலாம்.

ஏட்டு சொன்ன இரண்டு யோசனைக்கு வருகிறேன். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மொத்தம் 28 பேர் இறந்தார்கள். அது தர்கா அல்ல, தர்காவைச் சுற்றி வளர்ந்த காப்பகங்களில் ஒன்று. இன்று அந்தத் தர்காவிலேயே, துவாவும் நடக்கட்டும் மருந்தும் நடக்கட்டும் என்று அரசு மனநல சிகிச்சை நடத்துகிறது. அம்மாவுக்கு அங்கே போய் வேண்டிக்கொள்ள மனமிருந்தால் போய் வரட்டும், தம்பியும் விரும்பினால் போகட்டும். அங்கே விட்டுவிட்டு வருவது வேறு. யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடை செய்கிறது.

'ஹோம்' பற்றி இன்னும் கறாராகச் சொல்கிறேன். ராத்திரியில் நாலு ஆட்களை வேனில் அனுப்பி, ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போய், மாதாமாதம் பணம் வாங்கும் இடங்கள் இருக்கின்றன. மனநோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 'பதிவுச் சான்றைக் காட்டுங்கள், எந்த மனநல மருத்துவர் வருகிறார், எப்போது வந்து பார்க்கலாம்' என்று அவர்களிடம் கேளுங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். போலீஸைக் கண்டே மிரண்டவர், வேனில் தூக்கப்பட்டால் அப்புறம் எந்தக் காலத்தில் உங்களை நம்புவார்?

கேஸ் இருக்குமா என்ற பயம். எழுதி வாங்கி அனுப்பியது கிரிமினல் வழக்கு அல்ல. எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால்தான் வழக்கு. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர். (மனுவை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) நிலையைப் பார்க்கும் வசதி இருக்கிறது; நிச்சயம் வேண்டுமென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றுப் பேச்சு ஒருநாள் செயலாகிவிட்டால் போலீஸ் கேஸாகிவிடுமே என்று எந்த மருத்துவமனையிலும் உண்மையை மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காக வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவே இல்லை. தற்கொலை முயற்சியால் அரசு ஊழியரை மிரட்டிப் பணியவைக்கப் பார்த்தால் மட்டும் வேறு பிரிவு உண்டு, உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. விஷம் குடித்ததை மறைத்து 'வயிற்றுவலி' என்று சொல்லி முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

புகார் கொடுப்பதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். அடியில் தழும்போ எலும்பு முறிவோ இருந்தால் தயங்காதீர்கள். மருத்துவமனையில் காட்டிக் காயத்தைப் பதிவு செய்துகொண்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தை மீறுபவருக்கு முதல் முறை ஆறு மாதம்வரை சிறையோ 10,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று 108ஆவது பிரிவில் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள், தொலைபேசி 15100. இலவச சட்ட உதவி உண்டு என்பதைப் போலீஸே உங்கள் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது.

காயம் பெரிதில்லை என்றால், இரண்டு காவலர்களை இழுத்துக்கொண்டு அலைவதைவிட வேறொன்று உங்களுக்கு அதிகம் பயன்படும். பகலில், இன்ஸ்பெக்டர் இருக்கும் நேரம் விசாரித்து, ஊரில் அவர்களுக்குத் தெரிந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். ஒரு பக்கத்தில் மனு: தம்பி பெயர், நோய், எங்கே சிகிச்சை, அன்று நடந்தது என்ன, மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படவில்லை, இனி அழைப்பு வந்தால் 100ஆவது பிரிவின்படி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லக் கேட்டுக்கொள்கிறோம், உங்கள் போன் நம்பர். சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் டி.எஸ்.பி. அலுவலகத்துக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பழிவாங்குவார்களோ என்று பயப்படுகிறீர்கள். குற்றச்சாட்டு மொழியில் இல்லாமல் வேண்டுகோளாக, ஆனால் நடந்ததை மறைக்காமல் எழுதினால் அந்தப் பயத்துக்கு இடம் குறைவு. தம்பிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்கவில்லை என்றால் எடுங்கள். இருட்டில் ஒரு போலீஸ்காரருக்கு மருந்துச் சீட்டைப் படித்து விளக்குவதைவிட அந்த அட்டையைக் காட்டுவது சுலபம்.

கடைசியாகத் தம்பி. அவர் மாத்திரையை நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்கள் உண்மையானவை. அந்த மாத்திரைகளில் சில நிஜமாகவே எடையைக் கூட்டும், அசத்தும். லேத்தில் நிற்பவருக்கு அசதி என்பது விரல் போகிற விஷயம். ஆகவே 'மாத்திரை சாப்பிடு' என்று திரும்பத் திரும்பச் சொல்வதை நிறுத்தி, 'வேற மாத்திரை கேட்கலாம், ராத்திரி மட்டும் போடுற மாதிரி கேட்கலாம்' என்று ஆரம்பியுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் அரசு மருத்துவமனைகளில் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். ஒருநாள் தெரிந்துவிட்டால், வீட்டுச் சோற்றையும் தொடமாட்டார்.

போலீஸைக் கூப்பிடப் போறியா என்று கேட்கும்போது 'சத்தியமா மாட்டேன்' என்று சொல்லாதீர்கள். அந்த வாக்கை ஒருநாள் நீங்கள் மீற வேண்டிவரலாம். 'அன்னைக்குக் கூப்பிட்டது நான் இல்லை. அவங்க அடிச்சது தப்பு. உனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்துன்னா மட்டும்தான் கூப்பிடுவேன், கூப்பிட்டா நானும் உன்கூட வண்டியில வருவேன்' என்று சொல்லுங்கள். கொஞ்சம் தெளிந்திருக்கும் நாளில் உட்கார்ந்து, எனக்கு முற்றினால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், யார் பேசினால் கேட்பேன், எந்த மருத்துவமனை, எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். வெறும் வெள்ளைத்தாள் போதும். பிரதிநிதி யார் என்பதையும் அதிலேயே அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த ஆளும் சம்மதித்து எழுதினால் சட்டப்படி செல்லும். அவர் உங்கள் பெயரை எழுதாமல் தாய்மாமன் பெயரையோ பட்டறை முதலாளி பெயரையோ எழுதினால் மனம் நோகாதீர்கள். அந்த ஆளிடம் போன் நம்பரை உறுதிப்படுத்திக்கொண்டு, தாளின் ஒரு நகலை ஓ.பி. சீட்டோடும் இன்னொன்றை ஸ்டேஷனில் கொடுக்கும் மனுவோடும் வையுங்கள்.